தொழிற்புரட்சிக் கண்டுபிடிப்புகள்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் மாலையில் வரலாறு சொல்லித்தருகிறேன். தொழிற்புரட்சிப் பாடம் வந்தாலே அதே சந்தேகங்கள்தான் வரும். பெயரும் ஆண்டும் மனப்பாடமாக இருக்கும். எது எதனால் வந்தது என்பது மட்டும் பிடிபடாது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் எளிதாக இருக்கும்.

1. தொழிற்புரட்சி எந்த வருஷம் ஆரம்பிச்சுது? ஒவ்வொரு புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கே?

ஒரு தேதியில் தொடங்கிய விஷயம் இல்லை. பிரிட்டனில் சுமார் 1760 முதல் 1840 வரை என்பது பொதுவான கணக்கு. ஆனால் வேர்கள் அதற்கும் முந்தியவை. 1709இல் ஆபிரகாம் டார்பி, கோல்புரூக்டேல் என்ற ஊரில் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைப் போட்டு இரும்பு உருக்கினார். அதனால் இரும்புக்காகக் காட்டை அழிக்க வேண்டிய நிலை மெல்லக் குறைந்தது. எஃகு, மின்சாரம், வேதிப்பொருள்கள் முன்னுக்கு வந்த 1870க்குப் பிந்தைய காலத்தை இரண்டாம் தொழிற்புரட்சி என்பார்கள். ஒரு புத்தகத்தில் 1760, இன்னொன்றில் 1780 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

2. நீராவி எஞ்சினை ஜேம்ஸ் வாட்தானே கண்டுபிடிச்சார்? கெட்டில் மூடி ஆடுறதைப் பார்த்துன்னு படிச்சோமே?

கெட்டில் கதை பின்னால் ஒட்டவைத்த கதை. வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இல், தாமஸ் நியூகோமன் செய்த நீராவி எஞ்சின் இங்கிலாந்தின் டட்லி நகரத்தின் அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அது கரியை ஏராளமாகத் தின்றது. சுரங்க வாசலில் கரிக்குப் பஞ்சமில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

1763–64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று வாட்டிடம் பழுதுபார்க்க வந்தது. அதில் ஒவ்வொரு தடவையும் உருளையை நீராவியால் சூடாக்கி, உடனே தண்ணீர் தெளித்துக் குளிரவைக்க வேண்டும். எரிபொருளில் பெரும்பகுதி உருளையை மறுபடி சூடாக்கவே போகிறது என்பதை அவர் கவனித்தார். நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கலம் வைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்குமே என்ற எண்ணம் 1765இல் வந்தது. 1769இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் எஞ்சின் உடனே ஓடவில்லை. நீராவி கசியாத அளவுக்குத் துல்லியமாக உருளை செய்ய ஆள் இல்லை. பீரங்கிக் குழாய் குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774இல் செய்த கருவிதான் அந்தக் குறையைத் தீர்த்தது. 1776இல் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. யோசனைக்கும் பொருளுக்கும் நடுவில் போன அந்தப் பத்து வருடத்தை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதே இல்லை. இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் இன்னும் பேசுகிறேன்.

3. ஏன் இங்கிலாந்துல மட்டும்? அவங்க என்ன நம்மைவிட அறிவாளிகளா?

அறிவு காரணம் இல்லை. அங்கே கூலி அதிகம், நிலக்கரி மலிவு. கூலி மலிவாக இருக்கும் இடத்தில் ஆளைக் குறைக்கும் இயந்திரத்துக்குப் பணம் போட யாருக்கும் தோன்றாது. இங்கிலாந்தில் அது லாபமான காரியமாக இருந்தது. கரியும் இரும்பும் அருகருகே கிடைத்தன. 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாகப் படகில் கரி வர ஆரம்பித்ததும் மான்செஸ்டரில் கரி விலை பாதியாகக் குறைந்தது.

இன்னொரு காரணம் நம்மோடு நேரடித் தொடர்பு உள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் பெரிய மோகம் இருந்தது. சாயம் துவைத்தாலும் போகாது, விலையும் குறைவு. அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்துப்போனார்கள். 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு ஆசிய அச்சுத் துணிகளின் இறக்குமதியையும், பிறகு அத்தகைய துணிகளை உடுத்துவதையுமே பெருமளவு தடுத்தார்கள். துணிமேல் ஆசை அப்படியே இருந்தது, துணி மட்டும் வரவில்லை. உள்ளூரிலேயே அதைச் செய்ய முயன்றபோதுதான் நூற்பு இயந்திரங்கள் பிறந்தன.

4. பறக்கும் நாடா, ஜென்னி, நீர்ச்சட்டகம், மியூல், விசைத்தறி... இதோட வரிசை நினைவுலயே நிக்க மாட்டேங்குது. ஏதாவது வழி இருக்கா?

பற்றாக்குறையைப் பிடித்துக்கொண்டு போங்கள், வரிசை தானாக வரும். 1733இல் ஜான் கே பறக்கும் நாடாவைக் கொண்டுவந்தார். நாடா என்பது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை; கயிற்றை இழுத்தால் அது தறியின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். அகலத் துணி நெய்ய முன்பு இரண்டு பேர் வேண்டும். இப்போது ஒருவர் போதும். நெசவு வேகமானது, நூல் போதவில்லை. ஏற்கெனவே ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் ராட்டை சுற்ற வேண்டியிருந்தது.

அந்த நூல் பஞ்சத்தைத் தீர்க்க வந்ததுதான் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, சுமார் 1764. ஒருவரே ஒரே நேரத்தில் 8 கதிர்களில் நூற்கலாம். ஆனால் அந்த நூல் மென்மையானது, ஊடைக்குத்தான் (குறுக்கு நூல்) ஆகும், பாவுக்கு (தறியில் இழுத்துக் கட்டும் நெடுக்கு நூல்) தாங்காது. பாவுக்கு ஏற்ற உறுதியான நூலை 1769இல் காப்புரிமை பெற்ற ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டகம் தந்தது. உறுதியும் மென்மையும் ஒன்றாக வேண்டும் என்று இரண்டின் முறைகளையும் கலந்து சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் மியூலைச் செய்தார்.

இப்போது நிலைமை தலைகீழ். நூல் குவிகிறது, நெய்ய ஆள் இல்லை. அதனால் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். அது உருப்படியாக ஓடி ஊரெங்கும் பரவ 1820கள் ஆகிவிட்டது. அப்புறம் வெளுப்பு. நெய்த துணியை மாதக்கணக்கில் புல்வெளியில் வெயிலில் விரித்து, புளித்த மோரில் ஊறவைத்து வெளுத்துக்கொண்டிருந்தார்கள். 1799இல் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை பெற்ற வெளுப்புத்தூள் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது.

5. வீட்ல செஞ்ச வேலையை ஒரு பெரிய கட்டடத்துல செஞ்சாங்க, அவ்வளவுதானே தொழிற்சாலை?

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. ஜென்னியை வீட்டுத் திண்ணையில் வைக்கலாம். நீர்ச்சட்டகத்துக்கு ஆற்றோட்டம் வேண்டும், ஆகவே ஆள்கள்தான் இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். 1771இல் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டில் கட்டிய ஆலையில் இரவும் பகலும் வேலை நடந்தது. மணி அடித்தால் வர வேண்டும், மணி அடித்தால் போக வேண்டும். அதுவரை தறிகாரர் விரும்பிய நேரத்தில் நெய்தார், திருவிழா என்றால் நிறுத்தினார். ஆலையில் அந்த உரிமை போயிற்று.

குழந்தைகளை நினைத்தால் மனசு கேட்காது. அறுந்த நூலை முடிச்சுப்போடவும், ஓடும் இயந்திரத்துக்கு அடியில் நுழைந்து பஞ்சைக் கூட்டவும் சின்ன உடம்பு வசதி என்று பத்து வயதுகூட ஆகாதவர்களை வைத்தார்கள். 1833ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 9 முதல் 13 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்று வரம்பு போட்டது. நாடு முழுவதற்கும் அன்று நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் 4 பேர்தான்.

6. லுடைட்டுகள் இயந்திரத்தைக் கண்டு பயந்த அறியாத ஜனங்கதானே?

இந்தக் கருத்தோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. லுடைட்டுகள் என்பது அன்று இயந்திரங்களை உடைத்த இங்கிலாந்துத் தொழிலாளர்களின் பெயர். அவர்கள் தேர்ந்த கைவினைஞர்கள். 1811இல் நாட்டிங்காம்ஷயரில் அவர்கள் உடைத்தது காலுறை பின்னும் சட்டம், அதாவது பின்னல் இயந்திரம். அந்த வகைச் சட்டத்தை 1589இலேயே வில்லியம் லீ செய்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக அதை வைத்துத்தான் அவர்கள் பிழைத்தார்கள், அதற்கு ஏன் பயப்பட வேண்டும்? தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்து, மட்டமான காலுறை செய்து விலையைக் கெடுத்த முதலாளிகளின் சட்டங்களைத்தான் தேடிப்போய் உடைத்தார்கள். பல இடங்களில் பக்கத்துச் சட்டத்தைத் தொடாமல் விட்டார்கள்.

சங்கம் வைப்பது சட்டவிரோதமாக இருந்த காலம் அது. வேறு எந்தக் கதவைத் தட்டுவது? 1812இல் பின்னல் இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று அரசு சட்டம் போட்டது. அதை எதிர்த்துக் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் பேசினார். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

7. விவசாயத்துல டிராக்டர் வந்த பிறகுதானே மாற்றம்? அதுக்கு முன்னாடி என்ன பெருசா நடந்துச்சு?

டிராக்டர் இருபதாம் நூற்றாண்டின் கதை. அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே கதிரடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. 1780களில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் செய்தது. நம் ஊர்க் களத்தில் கதிர் அடித்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். ஆனால் இங்கிலாந்தின் கூலிக்காரக் குடும்பங்களுக்குப் பனிக்காலத்தில் கஞ்சி ஊற்றியது அந்த வேலைதான். இயந்திரம் வந்ததும் அந்த மாதங்கள் வெறுமையாயின. 1830இல் கென்ட் மாவட்டத்தில் தொடங்கி தெற்கு இங்கிலாந்து முழுவதும் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். ‘கேப்டன் ஸ்விங்’ என்ற கற்பனைப் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதம் போனது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், சுமார் 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நிலம் அதிகம், ஆள் குறைவு. 1831இல் சைரஸ் மெக்கார்மிக் வர்ஜீனியாவில் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அவர் குடும்பத்திடம் அடிமையாக இருந்த ஜோ ஆண்டர்சன் அதைச் செய்ய உதவினார். அவருக்குக் காப்புரிமையில் பெயரில்லை. புல்வெளி மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும், நாலடிக்கு ஒரு தரம் நின்று வழித்துப்போட வேண்டும். 1837இல் ஜான் டீர் வழவழப்பான எஃகு முகம் வைத்த கலப்பை செய்தார், மண் தானாக வழுக்கி விழுந்தது. பிறகு ரயிலும் நீராவிக் கப்பலும் சேர்ந்து அந்தக் கோதுமையை 1870களில் ஐரோப்பாவில் கொண்டுவந்து கொட்டியபோது, அதன் விலையோடு போட்டிபோட முடியாமல் ஆங்கிலேய விவசாயிகள் நொடித்துப்போனார்கள்.

8. பருத்திக் கொட்டை எடுக்கும் மெஷின் வேலையைக் குறைச்சிருக்கணும். அப்புறம் எப்படி அடிமை முறை கூடுச்சு?

நல்ல கேள்வி, தேர்விலும் வரும். கொட்டையை இழுத்துப் பிரிக்கும் உருளைக் கருவி இந்தியாவில் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அமெரிக்க உள்நாட்டில் விளைந்த குட்டை இழைப் பருத்தியில் கொட்டை கெட்டியாக ஒட்டியிருக்கும். கையால் நாள் முழுக்கப் பிரித்தால் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டுதான் தேறும். எலி விட்னி 1793இல் செய்த இயந்திரம் 50 பவுண்டு பிரித்தது.

அங்கேதான் 4ஆம் பதிலில் சொன்ன பற்றாக்குறை இடம் மாறுகிறது. கொட்டை பிரிப்பது தடையாக இருந்தவரை அதிகம் பயிரிட்டுப் பயனில்லை. தடை நீங்கியதும் எவ்வளவு விளைந்தாலும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் வாங்கிக்கொள்ளத் தயார். விதைக்கவும் களை எடுக்கவும் செடியிலிருந்து பறிக்கவும் இயந்திரம் இல்லை. அந்த வேலைக்கெல்லாம் அடிமைகளை வாங்கினார்கள். 1790இல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய 40 லட்சம். வேலையைக் குறைக்கும் இயந்திரம் என்று கேட்டால், யாருடைய வேலையை என்று கூடவே கேட்டுப் பழகுங்கள்.

9. முதல் ரயில் 1804ஆ, 1825ஆ, 1830ஆ? மூணும் ஆப்ஷன்ல வருது!

கேள்வியின் வார்த்தையைப் பாருங்கள். 1804: வேல்ஸில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எஞ்சின் தண்டவாளத்தில் இரும்புச் சுமையை இழுத்தது, முதல் நீராவி ரயில் எஞ்சின் ஓட்டம் இது. வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்ததற்குப் பிறகே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். டிரெவிதிக் பயன்படுத்திய உயரழுத்த நீராவி ஆபத்து என்று வாட் அதை எதிர்த்துவந்தார். 1825: ஸ்டாக்டன்–டார்லிங்டன், நீராவி எஞ்சின் ஓடிய முதல் பொது ரயில் பாதை. ஆனால் முதல் சில வருடங்கள் பயணிகளைப் பெரும்பாலும் குதிரைகள்தான் இழுத்தன. 1830: லிவர்பூல்–மான்செஸ்டர், முழுக்க நீராவியில், கால அட்டவணையோடு, இரண்டு நகரங்களுக்கு நடுவில் ஓடிய முதல் பாதை.

10. ரயில் வந்ததால கடிகார நேரமே மாறுச்சுன்னு சொல்றாங்களே, அது எப்படி?

அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் சூரியனைப் பார்த்து ஒரு நேரம். லண்டனில் 12 மணி என்றால் பிரிஸ்டலில் 11:50. குதிரை வண்டியில் போகும்போது அந்தப் பத்து நிமிடத்தால் ஒன்றும் கெடவில்லை. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில் வரும்போது உயிரே போகும். 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்களில் எல்லாம் லண்டன் நேரத்தை வைத்தது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்ற சட்டம் 1880இல்தான் வந்தது. பிரிஸ்டலின் பழைய தானியச் சந்தைக் கட்டடக் கடிகாரத்தில் இரண்டு நிமிட முள்கள் இன்றும் இருக்கின்றன.

இந்தியாவில் ரயில்களுக்குப் பொது நேரமாக அமைந்தது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானியல் கூடத்தில் கணித்து, தந்திக் கம்பி வழியாக அனுப்பினார்கள். பம்பாயும் கல்கத்தாவும் ஊருக்குள் தங்கள் நேரத்தை வைத்துக்கொண்டாலும் ரயிலுக்கு நம் நேரம்தான். 1906இல் இந்தியத் திட்ட நேரம் வந்தது.

11. தந்தியைக் கண்டுபிடிச்சது மோர்ஸ்தானே?

பாதி சரி. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் 1837இலேயே காப்புரிமை வாங்கி, ரயில் பாதையோரம் கம்பி இழுத்துவிட்டார்கள். அவர்கள் கருவியில் ஐந்து ஊசிகள் சாய்ந்து எழுத்தைக் காட்டும். 1845இல் ஸ்லவ் என்ற ஊரில் கொலை செய்துவிட்டு ரயிலேறிய ஒருவனைப் பற்றி லண்டனுக்குத் தந்தி போய், அவன் இறங்கியபோதே பின்தொடர்ந்து பிடித்தார்கள். தந்தியால் என்ன முடியும் என்று ஜனங்களுக்குப் புரிந்தது அன்றுதான்.

மோர்ஸின் முறை எளிமையானது. ஒரே கம்பி, புள்ளியும் கோடும். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி போனது. அவருடன் உழைத்த ஆல்ஃப்ரெட் வெயிலையும், மின்காந்தத்தில் வழிகாட்டிய ஜோசப் ஹென்றியையும் சேர்த்தே சொல்வது நியாயம்.

12. கடலுக்கடியில கம்பி போட்டா தண்ணி பட்டு ஷாக் அடிக்காதா? எப்படிப் போட்டாங்க?

கம்பியைச் சுற்றி உறை போட்டார்கள். மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாதான் அந்த உறை. கடல் நீரில் கெடாது. அதற்காக மரங்களைக் கணக்கில்லாமல் வெட்டிச் சாய்த்தார்கள். 1858இல் அட்லாண்டிக் கடலில் போட்ட கம்பியில் விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. அளவுக்கு மீறி மின்னழுத்தம் கொடுத்ததில் சில வாரங்களிலேயே கம்பி செத்துப்போனது. நிலையான கம்பி 1866இல், கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பலிலிருந்து போடப்பட்டது. 1870இல் இந்தியாவுக்கும் கடலடி வழி வந்துவிட்டது. ஒரு காலத்தில் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் வந்த லண்டன் சேதி, அன்றைக்கே வந்தது. சந்தை விலையும் கூடவே வந்ததால், பருத்தி வியாபாரம் அடியோடு மாறியது.

13. மான்செஸ்டர் துணி வந்து நம்ம நெசவாளர்களை அழிச்சுதுன்னா, காஞ்சிபுரத்துலயும் சேலத்துலயும் இன்னும் எப்படித் தறி ஓடுது?

முதலில் அழிந்தது நெசவு இல்லை, நூற்பு. ஆலை நூல் மலிவாகவும் ஒரே சீராகவும் வந்து இறங்கியதும் வீட்டில் ராட்டை சுற்றியவர்களின் வருமானம் நின்றது. அவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணையில்லாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் கௌரவமாகக் கிடைத்துவந்த காசு அது. எந்தக் கலவரமும் இல்லாமல் நடந்ததால் வரலாற்றில் அதிகம் பதிவாகவில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்திலேயே மிகப் பெரிய இழப்பு இதுதான்.

நெசவாளர்களில் சாதாரணத் துணி நெய்தவர்கள் நசுங்கினார்கள். கரையும் சரிகையும் வைத்துப் புடவை நெய்தவர்கள், ஆலையால் அந்த வேலையை எளிதில் செய்ய முடியாததால், அதே ஆலை நூலை வாங்கி நெய்து தாக்குப்பிடித்தார்கள். ஜான் கேயின் நாடா நம் கைத்தறிகளில் பரவலாக ஏறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதுவும் அவர்கள் நிலைத்து நிற்க உதவியது.

14. ஆனா ரயில் போட்டது நன்மைதானே? பஞ்சம் வந்தா தானியம் கொண்டுபோகலாமே?

அப்படித்தான் அன்றைய ஆட்சியாளர்களும் சொன்னார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீத வட்டி உறுதி. லாபம் வராவிட்டால் நம் வரிப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் வந்தபோது தண்டவாளம் இருந்தது. ஆனால் ரயில் தானியத்தைப் பசி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாது, விலை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும். தந்தியில் விலை தெரிந்த வியாபாரிகள் அதிகம் கிடைக்கும் சந்தைக்கு அனுப்பினார்கள், ஏற்றுமதியும் நிற்கவில்லை. ரயில் போன ஊரிலும் விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பட்டினி உடம்புகள் வெட்டியது.

ரயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிவாரண தானியமும் அதே ரயிலில்தான் வந்தது. வண்டியில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

15. மொத்தத்துல தொழிலாளி வாழ்க்கை உயர்ந்துச்சா, தாழ்ந்துச்சா? ஒரு வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் சொல்ல முடியாது, எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும். சுகாதாரச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எட்வின் சாட்விக்கின் 1842 அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது: மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பின் சராசரி வயது 17, ரட்லாண்ட் கிராமப்புறத் தொழிலாளர் குடும்பங்களில் 38. எல்லோரும் 17 வயதில் செத்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை; பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு இறங்கியது. கூலியின் வாங்கும் சக்தி தெளிவாக ஏறியது 1840களுக்குப் பிறகுதான். சாக்கடையும் குடிநீரும் தொழிற்சங்கமும் 5ஆம் பதிலில் சொன்ன சட்டங்களும் வந்த பிறகு, பேரன்மார் நன்றாக வாழ்ந்தார்கள். விலை கொடுத்தது தாத்தா பாட்டி.

16. இதுல எல்லாத்துக்கும் மேலான கண்டுபிடிப்பு எது? நீராவி எஞ்சின்தானே?

என் கணக்கில் இயந்திரம் செய்யும் இயந்திரங்கள்தான். வில்கின்சனின் குடைகருவி இல்லாமல் வாட் என்ன ஆனார் என்று 2ஆம் பதிலில் பார்த்தோம். அதே வழியில் ஹென்றி மாட்ஸ்லி 1800 வாக்கில் திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். கையால் அரம் போட்டுச் செய்தால் இரண்டு திருகுகள் ஒன்றுபோல் இருக்காது. அவருடைய இயந்திரத்தில் நூறும் ஒன்றுபோல் வரும். போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் பாய்மரக் கப்பிகள் செய்ய மார்க் புருனெல் வடிவமைக்க, மாட்ஸ்லி கட்டிய 45 இயந்திரங்களை வைத்து, 110 தேர்ந்த தச்சர்கள் செய்த வேலையைப் பழகாத 10 பேர் செய்தார்கள்.

மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகுப் புரிக்கு நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டும் என்று முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. விட்டத்துக்கு ஏற்ப அங்குலத்துக்கு இத்தனை புரி என்று பட்டியல் போட்டார். ரயில் கம்பெனிகள் முதலில் அதை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு ஒரு பட்டறையில் செய்த நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது.